மண்டபமும் விமானமும்

ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. வைகாசியோ ஆவணியோ பிறந்துவிட்டால் ஒரே முகூர்த்தத்தில் நாலு பத்திரிகை வந்து நிற்கும். எதற்கு நேரில் போவது, எதற்கு மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவது என்று வீட்டில் ஒரு மாநாடே நடக்கும். பிழைப்புக்காக மும்பை வந்து நாற்பது வருஷம் ஆனாலும் இந்த விஷயத்தில் நம்மவர்கள் பஞ்சாங்கத்தைக் கைவிடவில்லை.

இந்தப் பஞ்சாங்கத்துக்கும் மின்சார பில்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? அந்த உறவின் பெயர் 'லோட் ஃபாக்டர்'. தமிழில் சுமைக் காரணி என்கிறார்கள். நான் அதைப் பாலிடெக்னிக்கில் படித்தேன். ரயில்வே மின்பிரிவில் சார்ஜ்மேனாகச் சேர்ந்து, முப்பத்தொன்பது வருஷம் அதை வைத்துக் கணக்குப் போட்டேன். ஆனாலும் ஓய்வுபெற்ற பிறகு, ஒரு கல்யாண வரவேற்பில் ஐந்நூறு பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு முழுசாக உறைத்தது. பிழையில் என் பங்கும் இருந்ததால் அந்தக் கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பில்லில் ஓர் எண்

மும்பையின் புறநகரில் ஒரு சமூகக் கூடம். பெயர் வேண்டாம். அதன் நிர்வாகக் குழுவில் நானும் இருந்தேன். மாடியில் குளிர்சாதன வசதியுள்ள அரங்கம், கீழே சாப்பாட்டுக் கூடமும் சமையலறையும். முகூர்த்த நாட்களில் கல்யாணம். மற்ற நாட்களில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு, வாரம் ஒரு முறை பஜனை, எப்போதாவது ஒரு பாராட்டுக் கூட்டம்.

2022ஆம் ஆண்டு. கொரோனாவால் இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த கூடம் அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்தது. கையிருப்பு குறைவு. வைகாசி மாத மின்சார பில்லைப் பொருளாளர் கூட்டத்தில் நீட்டினார். ஒப்பந்தத் தேவை 40 கிலோவாட். அந்த மாதம் பதிவான உச்சத் தேவையும் ஏறக்குறைய அதே 40. செலவான யூனிட் 2,880. ஒரு மூலையில், லோட் ஃபாக்டர் 10 சதவீதம்.

சரியாகச் சொன்னால் பில்லில் இருந்தது கே.வி.ஏ. என்ற அளவு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிலோவாட்டாகவே சொல்கிறேன்.

குழுவில் இன்னொரு நண்பர். விமான நிறுவனத்தில் டிக்கெட் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நல்ல மனிதர், கணக்கில் கெட்டி. அந்தப் பத்து சதவீதத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சார் இது? எங்க கம்பெனில லோட் ஃபாக்டர் அறுபதுக்குக் கீழே போனாலே மேனேஜர் தூங்கமாட்டார். இங்கே பத்துன்னா நூறு சீட்டுல தொண்ணூறு காலியாப் பறக்குதுன்னு அர்த்தம். நாற்பது கிலோவாட்டுக்கு எதுக்கு மாசாமாசம் வாடகை கட்டறோம்? பாதியாக் குறைச்சாலும் மிச்சம்தான் இருக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டம் இரவு பத்து மணியைத் தாண்டியிருந்தது. எனக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். அவர் சொல்வதில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றியது. ஆனால் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். "பார்க்கலாம், செய்யுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். விண்ணப்பத்தில் தொழில்நுட்ப ஆலோசகர் என்ற இடத்தில் என் கையெழுத்தும் போயிற்று.

ஆனி மாதத்தில் ஒப்பந்தம் 20 கிலோவாட்டாகக் குறைந்தது. எலக்ட்ரீஷியன் மெயின் பிரேக்கரையும் அதற்குத் தகுந்தாற்போல் சிறியதாக மாற்றிவிட்டுப் போனார். ஆடி மாத பில் வந்தது. நிலைக் கட்டணம் பாதியாகியிருந்தது. விமான நண்பருக்குச் சால்வை போர்த்தாத குறை.

பிறகு ஆவணி பிறந்தது.

ஒரே பெயர், இரண்டு பொருள்

கதையை இங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நண்பர் எங்கே சறுக்கினார்?

விமானத்தில் லோட் ஃபாக்டர் என்பது விற்ற இடத்தை, இருந்த இடத்தால் வகுப்பது. 180 இருக்கை உள்ள விமானத்தில் 144 பேர் ஏறினால் 80 சதவீதம். மீதி 36 இருக்கை உண்மையிலேயே காலி. ஒரு நிறுவனம் முழுவதற்கும் கணக்கிடும்போது தூரத்தையும் சேர்த்துப் பெருக்குவார்கள். மும்பையிலிருந்து 1,000 கிலோமீட்டர் போகும் 180 இருக்கை விமானம் 90 சதவீதம் நிரம்பியது. அதே அளவு விமானம் 300 கிலோமீட்டர் போனபோது பாதிதான் நிரம்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90ஐயும் 50ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 70 என்று சொன்னால் தப்பு. ஓடிய இருக்கை-கிலோமீட்டர் 2,34,000. ஆள் உட்கார்ந்து ஓடியது 1,89,000. ஆக, ஏறக்குறைய 81 சதவீதம். நீண்ட பயணத்துக்கு நிறை அதிகம்.

மின்சாரத்தில் லோட் ஃபாக்டர் என்பது சராசரித் தேவையை உச்சத் தேவையால் வகுப்பது. எங்கள் கூடத்தையே எடுத்துக்கொள்வோம். முப்பது நாள் மாதத்தில் 720 மணி நேரம். 2,880 யூனிட்டை 720ஆல் வகுத்தால் 4. அதாவது சராசரியாக 4 கிலோவாட்தான் ஓடியிருக்கிறது. உச்சம் 40. நாலை நாற்பதால் வகுத்தால் பத்து சதவீதம்.

வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். விமானத்தில் கீழே இருப்பது நிறுவனம் விற்பனைக்கு வைத்த இடம். அதில் காலி இருந்தால், பெரிய விமானத்துக்குப் பதில் சின்ன விமானத்தை அனுப்பலாம். ஒரு சர்வீஸை ரத்து செய்து, இரண்டு விமானப் பயணிகளை ஒன்றில் ஏற்றலாம். மின்சாரத்தில் கீழே இருப்பது நாமே ஒரு சமயம் உண்மையில் இழுத்த உச்சம். அந்த 40 கிலோவாட் ஒரு முகூர்த்த நாளின் மாலையில் முழுக்க முழுக்கத் தேவைப்பட்டது. அந்த நேரத்தில் ஒரு இருக்கைகூடக் காலியில்லை. மற்ற நாட்களில் விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே பத்து சதவீதம் என்பதற்கு 'தொண்ணூறு சதவீதம் மிச்சம் இருக்கிறது' என்று பொருள் இல்லை. 'மாதத்தில் சில மணி நேரத்துக்காக மாதம் முழுக்க ஒரு பெரிய ஏற்பாட்டைக் கட்டிக் காக்கிறாய்' என்று பொருள். விமானக் கணக்கு எவ்வளவு நிரம்பியது என்று சொல்கிறது. மின்சாரக் கணக்கு எவ்வளவு சீராக ஓடியது என்று சொல்கிறது. நிரப்பும் வேறு, சீர்மையும் வேறு.

மின்நிலையங்களைப் பற்றிச் செய்தித்தாளில் 'பிளான்ட் லோட் ஃபாக்டர்' என்று ஒன்று வரும். அது விமானக் கணக்கின் தம்பி. ஒரு நிலையம் வருஷம் முழுக்க முழுத்திறனில் ஓடினால் எவ்வளவு உற்பத்தி ஆகுமோ, அதில் எத்தனை பங்கு உண்மையில் உற்பத்தியானது என்பது. நம் நாட்டு அனல் மின்நிலையங்களுக்கு இது 2007-08இல் 78 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கொரோனா ஆண்டான 2020-21இல் 55க்கும் கீழே இறங்கியது. 2023-24இல் 69 அளவுக்கு ஏறியது.

மூன்றாவதாக விமானியின் லோட் ஃபாக்டர் ஒன்று உண்டு. அது இறக்கைகள் தாங்கும் விசையை விமானத்தின் எடையால் வகுப்பது. நேராகப் பறக்கையில் ஒன்று. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இரண்டு. அப்போது உங்கள் எடை உங்களுக்கே இரண்டு மடங்காகத் தெரியும். பயணிகள் விமானம் குறைந்தது இரண்டரை மடங்கைச் சேதமில்லாமல் தாங்க வேண்டும், அதற்கு மேலும் ஒன்றரை மடங்குக்கு உடையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. வீட்டில் ஏரோநாட்டிக்கல் படிக்கும் பிள்ளை இருந்தால் அவன் பேசுவது இதைத்தான். டிக்கெட் கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உச்சத்துக்கு ஏன் காசு?

'யூனிட்டுக்குத்தானே பணம், உச்சத்துக்கு எதற்குத் தனியாக?' என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பதில் கண்டவர் சாமுவேல் இன்சல். லண்டனில் பிறந்து, எடிசனிடம் செயலாளராக இருந்து, 1892இல் சிகாகோ மின்சாரக் கம்பெனியின் தலைவரானவர். அப்போது மின்சாரம் என்றால் பெரும்பாலும் மாலை விளக்குதான். சாயங்காலம் எல்லா இயந்திரமும் ஓடும். மற்ற நேரத்தில் பெரும்பகுதி சும்மா நிற்கும். இயந்திரம் சும்மா நின்றாலும் கடனுக்கு வட்டி சும்மா நிற்குமா?

1894இல் இன்சல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குப் போனபோது, ஆர்தர் ரைட் என்பவர் உருவாக்கிய மீட்டரைப் பார்த்தார். யூனிட்டோடு, வாடிக்கையாளரின் உச்சத் தேவையையும் அது காட்டிக்கொடுத்தது. அதிலிருந்து வந்ததுதான் இரட்டைக் கட்டணம்: உச்சத்துக்கு ஒரு பங்கு, யூனிட்டுக்கு ஒரு பங்கு. உச்சத்துக்குக் கட்டுவது இயந்திரத்தின் வாடகை. யூனிட்டுக்குக் கட்டுவது நிலக்கரியின் விலை.

அடுத்து இன்சல் செய்ததுதான் ரயில்வேக்காரனான எனக்குப் பிடித்தது. சிகாகோவின் டிராம் கம்பெனிகள் சொந்தமாக மின்நிலையம் வைத்திருந்தன. 'அதை மூடிவிட்டு என்னிடம் வாங்குங்கள், மலிவாகத் தருகிறேன்' என்றார். பகல் முழுக்க ஓடும் டிராம், சும்மா நின்ற இயந்திரங்களுக்கு வேலை கொடுத்தது. சராசரி ஏறியது, ஒவ்வொரு யூனிட்டின் மீதும் விழுந்த வாடகை இறங்கியது. பள்ளத்தை நிரப்பினால் எல்லோருக்கும் விலை குறையும் என்பதே அவர் கண்ட வழி.

மின்சாரமும் விமான இருக்கையும் ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பிகள். இரண்டையும் மூட்டை கட்டி வைக்க முடியாது. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய கணத்தில் காலி இருக்கை செத்துவிட்டது. நாளைக்கு அதை விற்க முடியாது. மின்சாரமும் கேட்கிற கணத்திலேயே உற்பத்தியாக வேண்டும். சேமிக்க வழி இல்லாமல் இல்லை. நம் கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். ஆனால் ஏற்றிய மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்காது. போகவர நஷ்டம் உண்டு. ஆகவே உச்சத்தைச் சமாளிப்பது எப்போதுமே செலவுள்ள காரியம்.

அன்று மாலை

இப்போது கதைக்கு வருவோம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்தினம், மாலை வரவேற்பு. பெண்ணின் அப்பா சின்ன வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மில்லில் வேலை பார்த்து, மில் மூடியபின் சிறு கடை வைத்து முன்னேறியவர். ஒரே பெண்.

ஏழு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. இரண்டு பெரிய ஏ.சி.யும் ஒன்றாக ஓடத் தொடங்கின. சமையலறையில் கிரைண்டர், வாசலில் சீரியல் செட், மேடையில் வீடியோக்காரரின் விளக்குகள், மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார். தேவை முப்பத்தெட்டு கிலோவாட்டை எட்டியிருக்கும். இருபதுக்கு வைத்த பிரேக்கர் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழுந்தது.

தூக்கிவிட்டோம். மறுபடி விழுந்தது. ஏ.சி.யை அணைத்தால் விளக்கு எரிந்தது, அரங்கமோ வெந்தது. யாரோ பொறுக்காமல் ஏ.சி.யைப் போட, மூன்றாவது தடவை விழுந்ததோடு பிரேக்கரே சூடேறி நிற்க மறுத்துவிட்டது. வாடகை ஜெனரேட்டர் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை செல்போன் வெளிச்சத்தில் மணமக்கள் நின்றார்கள். ஒரு பாட்டிக்கு மூச்சு முட்டி, வெளியே அழைத்துவந்து நாற்காலி போட்டு விசிறினோம். பந்தியில் பாதிப் பேர் சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "சார், நீங்க ரயில்வேல கரண்ட் ஆபீசர்னு சொன்னாங்க. நீங்க கமிட்டில இருக்கீங்கன்னுதான் தைரியமா இந்த ஹாலைப் புக் பண்ணினேன்" என்றார். அவ்வளவுதான். என்னிடம் பதில் இல்லை. கடைசி பஸ்ஸுக்காக நான் சொல்லாமல் விட்ட அரை மணி நேரப் பேச்சின் விலை, அவர் பெண்ணின் கல்யாண மாலை.

அடுத்த மாத பில்லில், ஒப்பந்தத்தைத் தாண்டிய பங்குக்கு அபராதக் கட்டணமும் வந்தது. மீட்டர் பொல்லாதது; பதினைந்து நிமிஷமோ அரை மணியோ சராசரி எடுத்து, மாதத்திலேயே அதிகமான ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் நாம் எவ்வளவு சிக்கனமாக இருந்தோம் என்று அதற்குத் தெரியாது.

நாட்டுக்கு எப்படி எழுபத்தாறு?

எங்கள் கூடத்துக்குப் பத்து சதவீதம். முழு இந்தியாவுக்கும் எவ்வளவு தெரியுமா? 2023-24ஆம் நிதியாண்டில் நாட்டின் மின்தேவை சுமார் 1,626 பில்லியன் யூனிட். அந்த ஆண்டின் உச்சம் 2023 செப்டம்பரில் வந்த ஏறக்குறைய 243 ஜிகாவாட். வகுத்துப் பார்த்தால் லோட் ஃபாக்டர் 76 சதவீதம். ஒவ்வொரு வீடும் கடையும் தனியாகப் பார்த்தால் ஏற்ற இறக்கமாக இருக்க, மொத்தம் மட்டும் எப்படிச் சீராகிறது?

காரணம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முகூர்த்தம் வருவதில்லை. பஞ்சாபில் வயல் மோட்டார் ஓடும் நேரம் வேறு, கோவையில் நூற்பாலை ஓடும் நேரம் வேறு, டெல்லியில் ஏ.சி. ஓடும் மாதம் வேறு. பத்து வீட்டுக்குத் தனித்தனியே உச்சம் 4 கிலோவாட் என்றால் கூட்டினால் 40 வரும். ஆனால் பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர் வைத்துப் பார்த்தால் பதினைந்தைத் தாண்டாது. ஒரு வீட்டில் கீசர் ஓடும்போது அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடும். இதை 'டைவர்சிட்டி' என்போம். ஒருவர் அடங்கும்போது மற்றவர் எழுவது. மின்கட்டமைப்பு என்ற முழு ஏற்பாடும் நிற்பது இதன் மேல்தான்.

இந்தப் பரவல் குலையும் நாள்தான் சிரமமான நாள். வட இந்தியா முழுவதையும் வெப்ப அலை சுட்டபோது, 2024 மே 30 அன்று நாட்டின் தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. எல்லோர் வீட்டிலும் ஒரே நேரத்தில் முகூர்த்தம்.

விமான நிறுவனங்களும் இந்தப் பரவலைத்தான் விலை வைத்து உண்டாக்குகின்றன. தீபாவளிக்கு முந்தின நாள் சென்னைக்கு ஒரு விலை, அடுத்த செவ்வாய் மதியத்துக்கு ஒரு விலை. நமக்கு எரிச்சல் வரும். ஆனால் மலிவு டிக்கெட்டுக்காகத் தேதியை மாற்றும் ஒவ்வொருவரும் மேட்டிலிருந்து ஒரு கூடை மண்ணை எடுத்துப் பள்ளத்தில் போடுகிறார்கள். உலக விமான நிறுவனங்களின் லோட் ஃபாக்டர் 2019இல் 82.6 சதவீதம், கொரோனா வந்த 2020இல் சுமார் 65, 2024இல் 83.5.

நிரம்பினால் மட்டும் லாபம் வந்துவிடாது என்பதையும் விமான நண்பரே எனக்குச் சொன்னார். டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்றால் நூறு சதவீதமும் நிரம்பும். எரிபொருள் காசுகூடத் தேறாது. எத்தனை சதவீதம் நிரம்பினால் கைக்கும் வாய்க்கும் சரியாகும் என்று ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்களாம்.

நூறு வேண்டாம்

அப்படியானால் லோட் ஃபாக்டர் நூறு ஆகிவிட்டால் சொர்க்கமா? இல்லை என்று ரயில்வே எனக்குக் கற்றுக்கொடுத்தது.

1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியது. அன்று தொடங்கிய தடங்களில்தான் இன்றும் நாம் தொங்கிக்கொண்டு போகிறோம். காலை எட்டரை மணி லோக்கலில் ஒரு சதுர மீட்டரில் பதினாலு முதல் பதினாறு பேர் என்ற நெரிசலுக்கு ரயில்வேயில் 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அதே நேரம் எதிர்த்திசையில் கல்யாணை நோக்கி வரும் வண்டியில் கால் நீட்டி உட்காரலாம். போகும் வண்டி நூற்றைத் தாண்டி வழிகிறது. வரும் வண்டி வெறிச்சோடுகிறது. சராசரி எடுத்தால் கௌரவமான ஓர் எண் வரும். அந்த எண்ணை வாசலில் தொங்கும் பையனிடம் காட்டினால் என்ன சொல்வான்?

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் நாம் எல்லோரும் முணுமுணுக்கிறோம். கூட்டம் குறைவான அந்த நேரத்தில்தான் தண்டவாளத்துக்கும் மேல் கம்பிக்கும் வைத்தியம் நடக்கிறது. வார நாட்களில் கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் நடுவே, நடுநிசியில் டவர் வேகனில் ஏறிக் கம்பியைச் சரிபார்த்த ஆட்களோடு நான் பல வருஷம் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு மூன்று மணி நேரக் காலி இல்லாவிட்டால் மீதி இருபத்தொரு மணி நேரம் ஓட முடியாது. டிரான்ஸ்ஃபார்மரும் அப்படித்தான். மாலை உச்சத்தில் சூடேறிய எண்ணெய் நள்ளிரவில் ஆறினால்தான் அது நீண்ட நாள் உழைக்கும்.

ஆகவே காலி எல்லாம் வீண் இல்லை. சில காலி நஷ்டம். சில காலி காப்பு. சில காலி ஓய்வு. எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் என்ஜினியரின் வேலை. பள்ளத்தை நிரப்பும்போது யார் தூக்கத்தில் நிரப்புகிறோம் என்றும் பார்க்க வேண்டும். கூடத்தின் தண்ணீர் மோட்டாரை இரவு இரண்டு மணிக்கு மாற்றலாம் என்று நான் யோசனை சொன்னபோது, வாட்ச்மேன் தயங்கித் தயங்கி, "தினம் ரெண்டு மணிக்கு யார் எழுந்திருக்கிறது சாகேப்?" என்று மராட்டியில் கேட்டார். டைமரும் தொட்டியில் மிதவை சுவிட்சும் வாங்கிப் போட்ட பிறகே மாற்றினோம்.

பிறகு என்ன செய்தோம்?

ஒப்பந்தத்தை மறுபடி நாற்பதுக்கு ஏற்றினோம். பிரேக்கரையும் பழைய அளவுக்கு மாற்றினோம். பெண்ணின் அப்பாவுக்கு வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார்; சம்பந்தி வீட்டார் முன்னால் போன மானத்துக்கு வாடகை ஈடாகாது. கடைசியில் மாப்பிள்ளை கையில் கொடுத்தோம்.

அதன்பின் பில்லை எடுத்துவைத்துக்கொண்டு விமான நண்பரும் நானும் உட்கார்ந்தோம். முதலில் மேட்டை வெட்டினோம். இரண்டு ஏ.சி.யையும் ஒன்றாகப் போடாமல், கூட்டம் வருவதற்கு இரண்டு மணி முன்பே ஒன்றைப் போட்டு அரங்கத்தைக் குளிர வைப்பது, அரைக்கிற வேலையெல்லாம் காலையிலேயே, மோட்டார் டைமரில், விளக்கெல்லாம் எல்.இ.டி. பிறகு பள்ளத்தை நிரப்பினோம். ஆடியில் கைத்தறிக் கண்காட்சிக்கு வாடகை. மார்கழியில் திருப்பாவை வகுப்பும் கச்சேரியும். வார நாட்களில் பகலில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசிப்பு அறை. இரண்டு வருஷத்தில் முகூர்த்த மாதத்திலேயே உச்சம் 30 கிலோவாட்டுக்கு இறங்கியது. யூனிட் 4,320க்கு ஏறியது. லோட் ஃபாக்டர் 20 சதவீதம். அதன் பிறகுதான், அதுவும் கொஞ்சம் காப்பு விட்டு, ஒப்பந்தத்தை 35க்குக் குறைத்தோம். முதலில் உச்சம் இறங்க வேண்டும், பிறகே ஒப்பந்தம். நாங்கள் முதல் தடவை தலைகீழாகச் செய்திருந்தோம்.

வீட்டுக்கு வந்த கணக்கு

இது பெரிய கூடங்களின் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். 2023இல் மத்திய அரசு திருத்திய மின்நுகர்வோர் விதிகள், விவசாயம் தவிர மற்ற எல்லா இணைப்புகளுக்கும் படிப்படியாக நேரத்துக்கேற்ற கட்டணத்தைக் கொண்டுவரச் சொல்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும். வெயில் மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். உங்கள் மாநிலத்தில் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பதை உங்கள் பில்லில் பாருங்கள்.

என் காலத்தில் 'இரவில் மோட்டார் போடு' என்பதுதான் உபதேசம். இன்று சூரிய மின்சாரம் பெருகிவிட்டதால் நண்பகலில் மிச்சமும், சூரியன் மறைந்தபின் தட்டுப்பாடும் வருகிறது. பள்ளம் இடம் மாறிவிட்டது. துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரி, மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் எல்லாவற்றையும் முடிந்தவரை மதியத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டு வீட்டில் இருக்கும் எங்களைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு இது சுலபம். இத்தனை நாள் 'சும்மாதானே இருக்கே' என்று வீட்டில் சொன்னார்கள். இப்போது நாம் வீட்டின் லோட் ஃபாக்டரை உயர்த்துகிறோம் என்று கம்பீரமாகச் சொல்லலாம்.

விமான நண்பர் இன்னும் குழுவில் இருக்கிறார். யார் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே கேள்வி கேட்பார்: "அது சரி, கீழே என்ன எண் சார்?"

நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். தெரிந்த விஷயம் பேச்சுக்கு வரும்போது பஸ்ஸைப் பார்ப்பதில்லை. போனால் ஆட்டோவில் போகலாம்.